ஐஸ் வைத்த கன்னமும் பனி பட்ட கன்னமும்

யாராவது நம்மைக் கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்தால், "என்ன, ஐஸ் வைக்கிறியா?" என்று கேட்போம் இல்லையா? போன மே மாதம் நான் எனக்கே ஐஸ் வைத்துக்கொண்டேன். பேச்சில் வைக்கிற ஐஸ் இல்லை, ஃப்ரீசரில் இருந்து எடுத்த நிஜ ஐஸ். இடது கன்னத்தில். அதன் தடம் மங்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் டாக்டரிடமும், மலையில் என் பக்கத்து வீட்டு ஆயாவிடமும் கற்றுக்கொண்டதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலூர்க்காரி. வேலை ஜவ்வாது மலையில். ஜமுனாமரத்தூர் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் ஆசிரியை. போளூரில் பஸ் மாறி, வளைவு வளைவாக மலையேறி, வயிறு ஒருமுறை புரண்டு அடங்கினால் ஊர் வந்துவிடும். கோடை விடுமுறைக்கு மட்டும் கீழே இறங்குவேன். வேலூரை "வெயிலூர்" என்று நாங்களே கிண்டல் செய்வோம். மலைக் காற்றுக்குப் பழகிய முகத்தோடு மே மாத வேலூருக்குள் இறங்குவது, தோசைக்கல்லில் கன்னத்தை வைப்பது மாதிரி.

அந்த மே மாதத்தில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். மூன்று நாள் இருக்கும்போது கன்னத்தில் ஒரு பரு. கல்யாண வீடியோ எடுக்கிறவருக்கும் பருவுக்கும் ஏதோ உடன்படிக்கை இருக்கிறது என்று நினைக்கிறேன், தேதி தவறாது. ரீல்ஸைத் திறந்தால் எந்த நடிகையைப் பார்த்தாலும் ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் முகத்தை முக்கிக்கொண்டிருக்கிறார். சரி, நமக்குப் பாத்திரமெல்லாம் எதற்கு என்று ஒரு கட்டியை எடுத்து நேராகப் பருவின் மேல் அழுத்தினேன். அழுத்திக்கொண்டே அக்காவிடம் போனில் பேசினேன். அக்காவிடம் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடியாது என்பது குடும்பத்துக்கே தெரியும்.

முதலில் குத்தியது. பிறகு எரிந்தது. அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. "பழகிடுச்சு" என்று நினைத்தேன். பழகவில்லை, மரத்துப்போயிருந்தது. கட்டியை எடுத்தபோது தோலும் கூடவே கொஞ்சம் வந்து, விட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெழுகு மாதிரி வெளுத்த வட்டம்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு மேல் நான் செய்ததைக் கேளுங்கள். மரத்த கன்னத்துக்கு உணர்ச்சி வரட்டும் என்று வெந்நீரில் கழுவினேன். கடலை மாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்து அந்த இடத்திலேயே தேய்த்தேன். தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்க, பகல் பன்னிரண்டு மணி வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரவுக்குள் வட்டம் சிவந்து சின்னக் கொப்புளம் எழுந்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் நான் எல்லாப் படத்திலும் வலது கன்னத்தைக் காட்டித்தான் நிற்கிறேன்.

கல்யாணம் முடிந்து தோல் டாக்டரிடம் போனேன். நடந்ததை வரிசையாகக் கேட்டுவிட்டு, "ஐஸ் வெச்சது பாதி தப்பு. வெச்ச பிறகு பண்ணினது மீதி தப்பு" என்றார். அந்த மீதித் தப்புதான் இன்றைய விஷயம். ஐஸ் எப்படி வைப்பது என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. எடுத்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

ஐஸ் சுடுமா?

சுடும். வீட்டு ஃப்ரீசரின் குளிர் சுமார் -18 டிகிரி செல்சியஸ். அதிலிருந்து அப்போதே எடுத்த கட்டியும் அதே குளிரில்தான் இருக்கும். வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி, விரல் பட்டால் ஒட்டும். அதையே ஒரு தட்டில் கொஞ்ச நேரம் வைத்து, மேலே ஈரம் மினுங்கி வழுக்க ஆரம்பித்தால், அதன் மேற்பரப்பு 0 டிகிரிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டுகிற ஐஸ், வழுக்குகிற ஐஸ். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் கன்னத்தில் இருந்த வட்டம்.

டாக்டர் சொன்ன இன்னொரு தகவல் என்னை யோசிக்க வைத்தது. தோலுக்கு நிறம் தருகிற மெலனின் செல்கள் குளிருக்கு மிகவும் பயந்தவை. தோலின் மற்ற செல்கள் தாங்குகிற குளிரைக்கூட அவை தாங்காது. -5 டிகிரிக்குப் பக்கத்திலேயே அவை சாக ஆரம்பிக்கும். மருவை உறையவைத்து எடுக்கத் தோல் டாக்டர்கள் -196 டிகிரி திரவ நைட்ரஜனைத் தொட்டு வைக்கிறார்களே, அதற்குப் பிறகு சிலருக்கு அந்த இடம் வெளுத்துப்போவது இதனால்தான். இன்னொரு பக்கம், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எந்தக் காயம் ஆறினாலும் கறுப்பாக ஒரு முத்திரை குத்திவிட்டுத்தான் போகும். ஆக, ஐஸ் சுட்டால் வெளுக்கலாம், கறுக்கவும் செய்யலாம். எனக்குக் கறுத்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஐஸ் பொய் இல்லை. குளிர் பட்டதும் தோலின் மெல்லிய ரத்தக்குழாய்கள் சுருங்கும், அதனால் காலையில் கண்ணுக்குக் கீழே இருக்கும் உப்பல் வடியும், பருவின் சிவப்பும் வலியும் அடங்கும். பார்லரில் புருவம் திருத்திய பிறகு ஐஸ் ஒற்றுவதும் இதற்குத்தான். ஆனால் எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு. "தோல் துவாரம் நிரந்தரமாக மூடிவிடும்" என்பதெல்லாம் கதை. குளிர் விலகியதும் சுருங்கிய குழாய்கள் மறுபடி விரியும், முகம் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து "பளபளன்னு ஆயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிற அதே நேரத்தில்தான் முகத்துக்கு நம் உதவி தேவைப்படுகிறது.

மார்கழியில் மலை

ஜூனில் பள்ளி திறந்ததும் கறுத்த வட்டத்தோடு மலையேறினேன். பிள்ளைகள் ஒரு வாரம் உற்று உற்றுப் பார்த்தார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள். நான்தான் மறக்கவில்லை. மார்கழி வந்தபோதுதான், நான் ஒருநாள் கையால் வைத்துக்கொண்டதை இந்த மலை தினமும் எல்லார் முகத்திலும் வைக்கிறது என்று புரிந்தது.

எங்கள் மலையில்தான் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர். 1986-ல் திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது. மழைக்காலம் ஓய்ந்து மேகம் விலகிய மாதங்கள்தான் வானம் பார்க்கிறவர்களுக்கு அறுவடைக் காலம். அதே தெளிந்த வானம்தான் எங்களுக்குப் பனியும் கொண்டுவருகிறது. மேகம் இருந்தால் தரையின் சூட்டைப் போர்வை மாதிரி பிடித்து வைத்திருக்கும். போர்வை இல்லாத இரவில் பகலில் வாங்கிய சூடெல்லாம் மேலே போய்விடும், விடியும்போது புல்லும் ஓடும் நனைந்து கிடக்கும். நட்சத்திரம் நன்றாகத் தெரிகிற இரவுக்கு மறுநாள் காலையில்தான் எங்கள் பிள்ளைகளின் கன்னம் அதிகமாக வெடித்திருக்கும்.

டாக்டர் சொன்ன அந்தத் திரவ நைட்ரஜனையே வானியல்காரர்களும் வைத்திருக்கிறார்கள். தொலைநோக்கியின் கேமராவைக் குளிர்விக்க. கேமரா சூடாக இருந்தால் மங்கலான நட்சத்திரம் தெரியாதாம். அங்கே குளிரைக் கருவியில் பாதுகாப்பாக அடைத்து, அளந்து கொடுக்கிறார்கள். நான் என் கன்னத்துக்கு அளக்காமல் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு ஆயாவின் பேரனுக்கு ஏழு வயது. கால் தரையில் நிற்காது. ஒரு சனிக்கிழமை புளியமரத்து வேரில் தடுக்கி விழுந்து நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு புடைத்துக்கொண்டு வந்தான். என் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்து ஐஸ் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆயாவிடம் நீட்டினேன். வாங்கிய கையோடு முந்தானையில் சுற்றிக்கொண்டார். யோசிக்கவே இல்லை. சூடான சட்டியை இறக்கும்போது துணி பிடிக்கிறோமே, அப்படி.

"வெறுங்கட்டிய வெச்சா புள்ளைக்கு எரியாதா டீச்சரம்மா?" என்றார்.

எனக்குக் கன்னம் ஒருமுறை எரிந்தது, வெட்கத்தில்.

ஒரே இடத்தில் அழுத்தவில்லை. ஒற்றி ஒற்றி எடுத்தார். பையன் "ஆயா, சில்லுனு கீது" என்று நெளிந்ததும் எடுத்துவிட்டார். கொஞ்சம் விட்டு மறுபடி. முடிந்ததும் முந்தானையின் காய்ந்த பக்கத்தால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, நிழலில் உட்கார வைத்தார். உள்ளே போய் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து, ஒரு விரல் நுனியில் தொட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் பூசினார். "வெயில்ல ஓடாத" என்று ஒரு மிரட்டல். அவ்வளவுதான். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த தாளில் இருந்த வரிசை இதுதான், ஏறக்குறைய அப்படியே.

அப்போதுதான் கவனித்தேன். இந்த மலையில் பனிக்காலக் காலைகளில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். தலையைச் சுற்றித் துண்டு. பனியில் இருந்து வந்ததும் நேராக அடுப்படியில் முகத்தைக் காட்டுவதில்லை, திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கை தேய்த்துக்கொண்டு உள்ளே போவார்கள். கழுவினால் உடனே துடைப்பார்கள், உதட்டுக்கும் கன்னத்துக்கும் ஒரு தொடுகை எண்ணெய். கீழே வேலூரில் நாங்கள் குளிரை ஆசையாகத் தேடிப் போகிறோம். இங்கே குளிர் தானாக வருகிறது, அதனால் அது போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆயா சொன்னதெல்லாம் வேதம் என்று சொல்ல வரவில்லை. என் கறுத்த வட்டத்துக்குச் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடச் சொன்னவரும் அவர்தான். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன், சுண்ணாம்பு தோலை அரிக்கும். விளக்கெண்ணெயும் எல்லார் முகத்துக்கும் ஆகாது. என்னைப் போல் பரு வருகிற முகத்துக்குக் கனமான எண்ணெய் எதுவும் வேண்டாம் என்றார் டாக்டர், தேங்காய் எண்ணெய் உட்பட. வரிசையை ஆயாவிடம் எடுத்துக்கொண்டேன், பொருளை டாக்டரிடம்.

நான் இப்போது செய்வது

வைக்கும்போது: கட்டியின் மேல் ஈரம் மினுங்கும்வரை காத்திருப்பேன். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றுவேன். ஓரிடத்தில் சில நொடிக்கு மேல் நிற்காமல் நகர்த்திக்கொண்டே இருப்பேன், முகம் முழுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் இல்லை. குத்தல் எரிச்சலாக மாறினால் நிறுத்திவிடுவேன், மரத்துப்போகும்வரை விடமாட்டேன். பருவுக்கு மட்டும் என்றால் ஒரு நிமிடம் போதும். அந்த நேரத்தில் அக்கா போன் செய்தால் எடுப்பதில்லை.

எடுத்ததும்: மென்மையான துண்டால் ஒற்றுவேன். தேய்ப்பது கிடையாது, ஏனென்றால் குளிர்ந்த தோல் பாதி மயக்கத்தில் இருக்கிறது, நாம் கீறினாலும் அதற்குத் தெரியாது. வெந்நீர், ஆவி பிடிப்பது இரண்டும் இல்லை. மரத்த தோலுக்குச் சூட்டின் அளவும் தெரியாது.

அடுத்த சில நிமிடம்: சும்மா இருப்பேன். இதுதான் கஷ்டம். தோல் தன் சூட்டுக்குத் தானாகத் திரும்பட்டும். லேசான சிவப்பு பத்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும்.

பிறகு: லேசான ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர். செராமைடோ கிளிசரினோ கலந்தது இருந்தால் நல்லது. தோலின் மேலடுக்கில் ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகாமல் அதுதான் காக்கிறது. தண்ணீர் பட்டு, துடைத்து, வறண்ட காற்றும் பட்டால் அந்தக் காவல் தளரும். எங்கள் மார்கழிக் காற்றில் மாய்ஸ்சரைசர் போடாமல் ஐஸ் வைப்பது, கூரையைப் பிரித்துவிட்டு வீட்டைப் பெருக்குவது மாதிரி.

பகலாக இருந்தால்: சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலிலும் நடு விரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு. வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. என் கறுத்த தடத்துக்கு, இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த சன்ஸ்கிரீனாக டாக்டர் எழுதித் தந்தார். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மாநிறத் தோலைக் கறுக்க வைக்குமாம், அதையும் அது தடுக்கும்.

"மலையில் குளிர்தானே, சன்ஸ்கிரீன் எதற்கு?" என்று பள்ளியில் சக ஆசிரியை கேட்டார். குளிர்வது காற்று, வெயில் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீத அளவுக்குக் கூடும். எங்கள் உயரத்துக்கு அதில் முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒருமுறை, ஆவணி தொடக்கத்தில் ஒருமுறை சூரியன் எங்களுக்கு நேர் உச்சியிலேயே நிற்கும். சில்லென்ற காற்றில் வெயில் சுடுவது தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்கு வேண்டாதவை: ஸ்க்ரப், பிளீச், ரெட்டினால், அமிலம் கலந்த சீரம். இவற்றை ஐஸ் வைத்த நேரத்தோடு சேர்க்காதீர்கள். எலுமிச்சையை எந்த நாளும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்தது மாதிரி ஆகி, மாதக்கணக்கில் தடம் நிற்கும். எலுமிச்சைச் சாற்றையே ஐஸ் கட்டியாக்கித் தேய்க்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு இப்போது கன்னம் கூசுகிறது.

ஐஸ் கட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மூன்று வாரம் கிடந்த ட்ரேயில் இருந்து எடுக்காதீர்கள். ஜூஸ் கடைக்கு வருகிற ஐஸ் பாரை உடைத்து முகத்துக்கு வைக்காதீர்கள். ட்ரேயைக் கழுவி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றிப் புதிதாக உறையவைத்தால் போதும். ஒரு காலத்தில் ஐஸ் நமக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது! 1842-ல் மெரினாவில் கட்டிய ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியை வைக்கிற கிடங்கு. வழியில் உருகாமல் இருக்க மரத்தூளில் புதைத்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஐஸுக்கே போர்வை போட்டிருக்கிறார்கள், நான் என் கன்னத்துக்குப் போடவில்லை.

ஐஸ் பக்கமே போகக் கூடாதவர்கள்

சிலருக்குக் குளிர் பட்டாலே தோல் தடித்து அரிக்கும். கோல்ட் அர்ட்டிகேரியா என்பார்கள். முன்கையில் ஐஸ் வைத்துப் பார்த்தே டாக்டர்கள் அதைக் கண்டுபிடிப்பார்கள். இவர்கள் குளிர்ந்த நீரில் இறங்குவதே ஆபத்தாகலாம், முகத்துக்கு ஐஸ் வேண்டவே வேண்டாம். ரோசேசியா இருப்பவர்களுக்குச் சிவப்பு கூடலாம். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிற ரேனாட் தொந்தரவு இருப்பவர்களும் தள்ளி நிற்கட்டும். இதய நோய் உள்ளவர்கள் பாத்திரத்தில் முகத்தை முக்கும் விளையாட்டுக்குப் போக வேண்டாம், முகம் குளிர்ந்த நீரில் மூழ்கினால் இதயத் துடிப்பு சட்டென்று குறையும்.

கைக்குழந்தைகளின் கன்னமும் அப்படித்தான். குச்சி ஐஸை வாயோரம் வைத்துக்கொண்டே இருந்தால், ஓரிரு நாள் கழித்துக் கன்னம் சிவந்து கெட்டிப்படும். குளிரில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு வீங்குவதால் வருவது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆனால் பார்க்கிற அம்மாவுக்கு அடிவயிறு கலங்கிவிடும்.

உங்களுக்கே என்னைப் போல் ஆகிவிட்டால்: தோல் வெளுத்து மரத்தால் உடனே ஐஸை எடுத்துவிட்டு, உள்ளங்கையை மெதுவாக மேலே வைத்து உடம்புச் சூட்டைக் கொடுங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். தேய்க்காதீர்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் வெளுப்போ மரப்போ நின்றால் டாக்டரிடம் போங்கள், என்னை மாதிரி கல்யாணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என் வட்டம் இப்போது மங்கிவிட்டது. வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் ஒரு நிழல் தெரியும். போன வாரம் ஆயா அதைத் தடவிப் பார்த்து, "சுண்ணாம்பு போட்டிருந்தா அப்பவே போயிருக்கும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் ட்யூபில் இருந்து கொஞ்சம் மாய்ஸ்சரைசரை அவர் புறங்கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தார், தடவினார், வெயிலில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாசனையே இல்லியே. இதுக்கா இவ்ளோ காசு?" என்றார். ஆனால் மறுநாள் காலை பனி விலகுவதற்குள், பேரனின் வெடித்த கன்னத்தைக் காட்டி ட்யூபைக் கேட்டு ஆள் வந்துவிட்டது.